பச்சை ஒளி வந்துவிட்டது, இது புதிய படிகம்தானா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் சோடியம் குளோரைடையும் (சமையல் உப்பு) தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பீக்கரின் வாயைத் துளையிட்ட தாளால் மூடி, மெதுவாக ஆவியாக விட்டுப் படிகம் எடுத்திருக்கிறீர்கள். அதைத் தூளாக்கி 1064 நானோமீட்டர் யாக் லேசருக்கு முன்னால் வைத்தபோது பச்சை ஒளி வந்திருக்கிறது. அளவு, ஒப்பீட்டுக்கு வழக்கமாக வைக்கும் கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) தூளைப் போல 1.3 மடங்கு. இதைப் 'புதிய கரிமப் படிகம்' என்று எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. அடுத்து சாயம் கலந்த பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமர்) படலத்தில் இசட்-ஸ்கேன், அதாவது செறிந்த ஒளியில் ஒளிவிலகல் எண் மாறுவதை அளக்கும் சோதனை, செய்யப்போகிறீர்கள். அதையும் சொல்லிவிட்டு, பாலிமர்களையும் கரிமப் படிகங்களையும் பற்றி லேசரால் உண்மையில் என்னதான் தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று நினைக்கிறேன். கருவி ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் நான் வைத்த பொருளைப் பற்றியதா, இல்லை வேறு எதையோ பற்றியதா?

சிதறும் ஒளியின் நிற மாற்றத்தில் இருந்து மூலக்கூறின் அதிர்வுகளைப் படிக்கும் ராமன் நிறமாலை ஆய்வில் நான் பல வருடங்களாக இருப்பவன். படிக வளர்ப்பும் இரட்டிப்பு ஒளி (விழுந்ததில் பாதி அலைநீளத்தில் வரும் ஒளி) அளவீடும் அன்றாடம் பழகியவை. மிகக் குறுகிய துடிப்புகளைத் தரும் பெம்டோ விநாடி லேசர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேனே தவிர அது என் தொழில் அல்ல. அதனால் அந்தப் பகுதியைச் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: எழுத வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கிளைசினின் படிக வகைகளில் ஒன்றான காமா கிளைசின். அது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த படிகம்.

காரணத்தைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன். 1960-இல் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கினார். அடுத்த வருடமே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கனும் சகாக்களும் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தி, சரிபாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளி வெளியே வருவதைக் காட்டினார்கள். ஒளிப்படத் தகட்டில் அது மிகச் சிறிய ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. கட்டுரை அச்சானபோது அதை அழுக்கு என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் அம்புக்குறி வெற்றிடத்தைத்தான் காட்டுகிறது. உங்கள் பச்சை ஒளியும் அதே வகை. 1064 போய் 532 வருகிறது.

இது எந்தப் படிகத்தில் வரும்? ஒளியின் மின்புலம் எலக்ட்ரான்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட முடிந்தால் இரட்டிப்பு அதிர்வெண் பிறக்காது. ஒரு பக்கம் சுவரை ஒட்டிக் கட்டிய ஊஞ்சல் மாதிரி, ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சிரமமாகவும் ஆடினால்தான் பிறக்கும். படிகத்தின் மொழியில் சொன்னால், அதற்கு மையச் சமச்சீர் (ஒரு மையப் புள்ளியின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திருப்பது) இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் பச்சை ஒளி உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: தூளுக்குள் மையச் சமச்சீர் இல்லாத ஏதோ ஒரு படிகம் இருக்கிறது. அது என்ன சேர்மம், எத்தனை சேர்மம், புதியதா பழையதா என்பதைப் பற்றி அந்த ஒளி எதுவும் சொல்வதில்லை.

கரிமப் படிகங்களில் இந்தச் சமச்சீர் விஷயம் மிக நுட்பமானது. பாரா நைட்ரோ அனிலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் எலக்ட்ரானைக் கொடுக்கும் அமினோ தொகுதி, மறுமுனையில் இழுக்கும் நைட்ரோ தொகுதி. தனி மூலக்கூறாகப் பார்த்தால் இரட்டிப்பு ஒளிக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் படிகமாகும்போது மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் அடுக்கி உட்கார்ந்துவிடுகின்றன. மையச் சமச்சீர் வந்துவிடுகிறது, ஒளி வருவதில்லை. அதே மூலக்கூறின் வளையத்தில், அமினோவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் அடுக்கு மாறிவிடுகிறது. அந்த 2-மெத்தில்-4-நைட்ரோ அனிலின் மிக வலுவாக ஒளியை இரட்டிப்பாக்கும் படிகம் என்று 1979-இல் வெளியானது. மூலக்கூறு மட்டும் போதாது, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அமினோ அமிலப் படிகங்கள் மேல் இவ்வளவு ஆர்வம் இருப்பதற்கும் இதுதான் காரணம். இடக்கை, வலக்கை வேறுபாடு உள்ள அமினோ அமிலத்தில் ஒரு கை மட்டும் இருந்தால், அந்தப் படிகத்துக்கு மையச் சமச்சீர் இருக்கவே முடியாது.

கிளைசின் மட்டும் இதில் விதிவிலக்கு. அதற்குக் கை வேறுபாடு கிடையாது. சாதாரண அழுத்தத்தில் அது மூன்று வகையாகப் படிகமாகும்: ஆல்பா, பீட்டா, காமா. வெறும் தண்ணீரில் இருந்து வருவது ஆல்பா. அதற்கு மையச் சமச்சீர் உண்டு, ஆகவே பச்சை ஒளி வராது. அறை வெப்பத்தில் மூன்றிலும் நிலையானது காமாதான். ஆனாலும் வெறும் தண்ணீரில் அது அவ்வளவு எளிதாக வராது. கரைசலில் சோடியம் குளோரைடு போன்ற உப்பு இருந்தால் ஆல்பாவின் வளர்ச்சி தடைப்பட்டுக் காமா வந்துவிடுகிறது. காமாவுக்கு மையச் சமச்சீர் இல்லை. பச்சை ஒளியும் வரும், கேடிபி தூளோடு ஒப்பிடக்கூடிய அளவிலேயே வரும். உங்கள் செய்முறையையும் உங்கள் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உப்பு படிகத்துக்குள் போகவில்லை. வெளியே நின்று எந்த வகை வளர வேண்டும் என்பதை மாற்றியிருக்கிறது.

இதை உறுதி செய்வது எளிது. நல்ல சிறு படிகம் ஒன்றை, எக்ஸ் கதிரால் அணுக்களின் அடுக்கை அறியும் ஒற்றைப் படிக எக்ஸ்ஆர்டிக்கு அனுப்புங்கள். சென்னை ஐஐடியில் இருக்கும் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களில் வெளி மாணவர்களுக்கும் செய்து தருகிறார்கள். முழு அமைப்பையும் தீர்க்க வேண்டும் என்றுகூட இல்லை, அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டி) அளவுகள் போதும். 7.04, 7.04, 5.48 ஆங்ஸ்ட்ராம் என்று அறுகோணக் கூடு வந்தால் அது காமா கிளைசின். 5.10, 11.97, 5.46 ஆங்ஸ்ட்ராமும் 111.7 பாகைக் கோணமும் வந்தால் ஆல்பா. கையில் அகச்சிவப்பு நிறமாலை இருந்தால் அதிலும் ஒரு துப்பு கிடைக்கும். ஆல்பாவில் 910 அலையெண் (ஒரு செ.மீ.யில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அருகே வரும் பட்டை காமாவில் 930-க்குப் பக்கத்தில் வரும். இந்த இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டிலும் நிறைய பேர் விழுகிறார்கள். ஒன்று, எடாக்ஸ், அதாவது எந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் காட்டும் சோதனை. மின்னணு நுண்ணோக்கியில் சோடியமும் குளோரினும் தெரிகின்றன, ஆகவே சேர்மத்தில் அவை இருக்கின்றன என்று எழுதுவது. படிகத்தைக் கரைசலில் இருந்து எடுக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் ஈரம் காய்ந்தாலே போதும், இரண்டும் தெரியும். எடாக்ஸ் பார்ப்பது மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்தைத்தான். இன்னொன்று ராமன். சோடியம் குளோரைடின் படிக அமைப்பில் முதல் வரிசை ராமன் சிதறலுக்கே இடமில்லை. அதனால் உங்கள் தூளில் உப்பு கலந்திருந்தாலும் ராமன் நிறமாலையில் அதற்கென்று கோடு வராது. 'ராமனில் தனி உப்பு இல்லை, ஆகவே அது கிளைசினோடு சேர்ந்துவிட்டது' என்று வாதிட முடியாது.

இப்படிச் சொல்வதால் கிளைசின்–உப்புப் படிகங்கள் எல்லாமே பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளைசினும் சோடியம் நைட்ரேட்டும் சேர்ந்து உண்மையாகவே தனிப் படிகமாகின்றன. டிரைகிளைசின் சல்ஃபேட் 1956-இல் இருந்தே பெயர் பெற்ற ஃபெரோமின் (தானாகவே மின்முனைகள் கொண்டு, மின்புலத்தால் அவை திரும்பக்கூடிய) படிகம். அதே நேரத்தில் புதியது என்று வெளியான பல அமினோ அமிலப் படிகங்கள், பிறகு யாராவது கூடு அளவை ஒழுங்காகச் சரிபார்த்தபோது, போட்ட மூலப்பொருளாகவே திரும்பி வந்திருக்கின்றன. பொறுமையாக வளர்த்த மாணவரின் உழைப்பு அப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. கூடு அளவு தெரிந்ததும் கேம்பிரிட்ஜ் படிக அமைப்புத் தரவுத்தளத்தில் தேடிவிடுங்கள். 2019-லேயே பத்து லட்சம் அமைப்புகளைத் தாண்டிவிட்ட களஞ்சியம் அது. ஏற்கெனவே வெளியான அமைப்பு என்றால் பெரும்பாலும் அதில் இருக்கும்.

சரி, 1.3 மடங்கு என்ற எண்ணுக்கு வருவோம். தூளில் இரட்டிப்பு ஒளியை அளக்கும் முறையைக் கர்ட்ஸும் பெர்ரியும் 1968-இல் எழுதினார்கள். பெரிய ஒற்றைப் படிகம் வளர்க்கும் முன்பே எந்தச் சேர்மம் தேறும் என்று சலித்தெடுக்கத்தான் அந்த முறை. தூளின் மணி அளவு மாறினால் ஒளியின் அளவு மாறும். கட்டம் பொருந்தக்கூடிய (விழும் ஒளியும் இரட்டிப்பு ஒளியும் ஒத்துப் பயணிக்கக்கூடிய) படிகத்தில் மணி பெரிதாகப் பெரிதாக ஒளி ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பொருந்தாத படிகத்தில் ஏறிவிட்டுக் குறையும். ஆகவே உங்கள் தூளையும் கேடிபியையும் ஒரே சல்லடையில் சலித்து, ஒரே தடிமனில், ஒரே இறுக்கத்தில் நிரப்பாமல் எடுத்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. அதெல்லாம் செய்தாலும் 1.0-க்கும் 1.3-க்கும் உள்ள வித்தியாசம் இந்த முறையின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும். 'கேடிபி அளவில்' என்று எழுதுங்கள், அதுதான் நேர்மையான வாக்கியம். நூறு மடங்கு வந்தால் அது வேறு பேச்சு.

அந்தப் பச்சை உண்மையிலேயே இரட்டிப்பு ஒளிதானா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். லேசரின் திறனை இருமடங்காக்கினால் ஒளி நான்கு மடங்காக வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டு ஒளித்துகள்களை ஒரே சமயத்தில் விழுங்கி ஒளிரும் பொருளும் அதே வர்க்க விதியைத்தான் காட்டும். வேறுபாடு நிறமாலையில் தெரியும். இரட்டிப்பு ஒளி 532-இல் ஊசி போல நிற்கும், ஒளிர்வு பல பத்து நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். கண்ணால் பார்த்தால் இரண்டும் பச்சைதான். நிறமுள்ள படிகங்களில் இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும். டாஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்டில்பசோலியம் உப்பு பச்சையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் 1989-இல் அதை 1907 நானோமீட்டரில் அளந்தார்கள், இன்னொரு ஒப்பீட்டுப் பொருளான யூரியாவைவிட ஆயிரம் மடங்கு வந்தது. இன்று டெராஹெர்ட்ஸ் அலை (நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டது) உண்டாக்க அந்தப் படிகம் விற்பனைக்கே கிடைக்கிறது. 1064-இல் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அதன் தகுதி முழுதாகத் தெரிந்திருக்காது.

இனி உங்கள் பெரிய கேள்வி. பாலிமரையும் கரிமப் படிகத்தையும் அறிய லேசர் தரும் வழிகளில் நான் முதலில் கைவைப்பது ராமன் சிதறலில். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது இது. ஒருவர் திருச்சியில் பிறந்தவர், மற்றவர் வத்திராயிருப்புக்காரர். அவர்களிடம் லேசர் கிடையாது. முதலில் சூரிய ஒளி, பிறகு பாதரச விளக்கு, ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காரணம், பொருள் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய கோடி துகள்களில் ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வருகிறது. 1962-இல் போர்ட்டோவும் வுட்டும் ரூபி லேசரை இதற்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் இந்த முறைக்கு மறுவாழ்வு வந்தது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரு மைக்ரோமீட்டர் புள்ளியில் குவிக்க முடிவது, தெரிந்த முனைவாக்கம் (ஒளியின் மின்புலம் ஆடும் திசை) ஆகிய நான்கும் சேர்ந்துதான் லேசரை இந்த வேலைக்கு ஏற்றதாக்குகின்றன.

கரிமப் படிகத்தில் மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் வலுவானவை, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்பு பலவீனமானது. நிறமாலையிலும் இந்த இரண்டும் பிரிந்தே தெரியும். 200 அலையெண்ணுக்கு மேலே பெரும்பாலும் மூலக்கூறின் சொந்த அதிர்வுகள். அதற்குக் கீழே மூலக்கூறு முழுதாகக் கூட்டுக்குள் அசைவது. அலமாரியில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை, அதாவது நாஃப்தலீன், இதைப் பழக நல்ல பொருள். அதன் அலகுக் கூட்டில் இரண்டு மூலக்கூறுகள். அவை ஆடும் விதத்தில் ஆறு கோடுகள், எல்லாமே 150 அலையெண்ணுக்குள் வந்துவிடும். உருண்டையின் தூளை உருக்கினால், 80 டிகிரி செல்சியஸில், அந்த ஆறும் மறைந்து ஒரு பரந்த சரிவு மட்டும் மிஞ்சும். மேலே இருக்கும் வளைய அதிர்வுகள் அநேகமாக அப்படியே இருக்கும். படிகம் என்ற நிலை கீழ்ப்பகுதியில்தான் எழுதியிருக்கிறது என்பது இந்த ஓர் அளவீட்டிலேயே புரிந்துவிடும். இதே கிருஷ்ணன்தான் பிற்பாடு நாஃப்தலீன் போன்ற படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை அளந்தார். மூலக்கூறுகள் கூட்டுக்குள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதை அதிலிருந்து கணித்தார்.

இந்தக் கீழ்ப்பகுதிக்கு இன்று மருந்துத் துறையில் பெரிய மதிப்பு. 1998-இல் ரிட்டோனவிர் என்ற எச்ஐவி மருந்தில், அதே மூலக்கூறு யாரும் எதிர்பாராத இன்னொரு அடுக்கில் படிகமாகத் தொடங்கியது. அது கரைவது குறைவு என்பதால் காப்ஸ்யூலைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இரண்டு அடுக்குகளையும் மாத்திரையை உடைக்காமல் பிரித்தறிய தாழ் அலையெண் ராமன் நல்ல கருவி. உங்கள் ஆல்பா, காமா கிளைசினுக்கும் அப்படியே. ஒரு தடை உண்டு. பல கல்லூரிக் கருவிகளில் லேசர் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி 100 அலையெண் வரை சேர்த்தே வெட்டிவிடும். பதிவு செய்யும் முன் அந்த எல்லை எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிமரில் கதை வேறு. அங்கே முழுப் படிகம் என்று ஒன்று அரிது. சங்கிலிகள் மடிந்து மடிந்து சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கும் தட்டுகளாகவும், இடையே ஒழுங்கற்ற பகுதிகளாகவும் இருக்கும். பால் பாக்கெட் உறையில் ஒரு பட்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஓர் இடத்தில் சட்டென்று மெலிந்து, அந்த மெலிவு இரண்டு பக்கமும் ஊர்ந்து போகும். மெலிந்த இடத்தில் பிளாஸ்டிக் தெளிவாகி, விரலுக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். அதை ராமன் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, லேசரின் முனைவாக்கத்தை இழுத்த திசைக்கு இணையாக வைத்தால் 1130 அலையெண் கோடு பக்கத்தில் உள்ள 1063-ஐ விட ஓங்கி நிற்கும். படலத்தை 90 பாகை திருப்பினால் 1130 தாழ்ந்துவிடும். இழுக்காத பகுதியில் திருப்பினாலும் பெரிய மாற்றம் இருக்காது. சங்கிலிகள் இழுத்த பக்கம் படுத்துவிட்டன என்பதற்கு இதைவிட நேரான சான்றை மாணவர் ஆய்வகத்தில் காட்டுவது கடினம்.

அதே பாலிஎத்திலீனில் 1416 அலையெண் கோடு படிகப் பகுதிக்கு மட்டுமே உரியது. 1978-இல் ஸ்ட்ரோபிலும் ஹாகெடார்னும் அதை 1295-ஐ ஒட்டிய பட்டைகளின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டுப் படிக விகிதத்தைக் கணக்கிட்டார்கள். கோடு இருக்கிறது, அது படிகத்துடையது என்பதில் சந்தேகமில்லை. விகிதம் எவ்வளவு என்பதில் கவனம் தேவை. ராமனில் ஓர் எண் வரும், உருகு வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சியில் கொஞ்சம் வேறு எண் வரும், எக்ஸ்ஆர்டியில் இன்னொன்று வரும். மூன்றும் 'ஒழுங்கு' என்பதை வெவ்வேறு வரையறையில் எண்ணுகின்றன. அவர்கள் முறையில் படிகமும் ஒழுங்கற்றதும் போக மிச்சம் விழுவதை இடைப்பகுதி என்று சொல்கிறார்கள். அந்த மிச்சம் உண்மையான தனிப் பகுதியா, கோடுகளைப் பொருத்தும்போது வரும் பிழையா என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக நிறுவ வேண்டும் என்பதுதான் என் கருத்து.

எனக்கு மிகப் பிடித்த அளவீடு தாழ் அலையெண்ணில் வரும் இன்னொன்று. தட்டுக்குள் நேராக நிற்கும் சங்கிலித் துண்டு, நீளவாக்கில் சுருங்கி விரிந்து ஆடும். அந்த அதிர்வெண் துண்டின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 10 நானோமீட்டர் தடிமன் தட்டுக்கு ஏறக்குறைய 30 அலையெண். ஆக, ஒரு கோட்டின் இடத்தைப் படித்தே தட்டு எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடலாம்.

பாலிமரும் கரிமப் படிகமும் ஒன்றாகவே இருக்கும் பொருளும் உண்டு: பாலிடைஅசெட்டிலீன். சிறு மூலக்கூறாகப் படிகம் வளர்த்து, வெப்பமோ புற ஊதாவோ கொடுத்தால், படிகம் உடையாமலேயே உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடும். 1969-இல் வெக்னர் விளக்கியது இது. நிறமற்ற படிகம் உங்கள் கண் முன்னாலேயே ஆழ்ந்த நிறத்துக்கு மாறும். இதன் முப்பிணைப்புக் கோடு 2080 அலையெண் அருகே வரும். இழுத்தால், 1 சதவீத நீட்சிக்கு ஏறத்தாழ 20 அலையெண் கீழே இறங்கும். இவ்வளவு கூர்மையான இழுவை மானி வேறு எங்கே கிடைக்கும்? இந்தப் படிக இழையை எபாக்சி பிசினுக்குள் பதித்து, இழையின் நீளம் முழுக்க எந்த இடத்தில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று புள்ளி புள்ளியாக ராமனில் வரைந்திருக்கிறார்கள்.

இப்போது எச்சரிக்கை. லேசர் பொருளைப் பார்ப்பதோடு நிற்காது, அதை மாற்றவும் செய்யும். 10 மில்லிவாட் என்றால் கேட்க மிகச் சிறிய திறன்தான். அதை ஒரு மைக்ரோமீட்டர் புள்ளியில் குவித்தால் சதுர செ.மீ.க்குப் பத்து லட்சம் வாட்டைத் தாண்டிவிடும். உச்சி வெயிலைப் போல ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. தாமிரம் வெப்பத்தை மீட்டர்-கெல்வினுக்கு 400 வாட் என்ற அளவில் கடத்தும். பெரும்பாலான பாலிமர்கள் 0.1 முதல் 0.5 வரைதான். விழுந்த சூடு அங்கேயே தங்கும். நிறமற்ற படலம் தப்பித்துவிடும். சாயம் கலந்தது, கருப்பு நிரப்பி கலந்தது எல்லாம் உருகும், கருகும், அல்லது சத்தமில்லாமல் வேறு படிக வகைக்கு மாறும். காமா கிளைசினே சுமார் 170 டிகிரியில் ஆல்பாவாக மாறக்கூடியது. அதனால் ஒவ்வொரு புதிய மாதிரிக்கும் மிகக் குறைந்த திறனில் ஒரு நிறமாலை, பிறகு கூட்டி ஒன்று, பிறகு மறுபடி குறைத்து அதே புள்ளியில் ஒன்று எடுங்கள். முதலும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் உள்ளதை நம்பலாம். பின்னணி ஒளிர்வு கோடுகளை மூழ்கடித்தால் 785 நானோமீட்டருக்குப் போங்கள். ராமன் ஒளி அலைநீளத்தின் நான்காம் அடுக்கில் குறைவதால், 532-இல் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதற்கு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் இசட்-ஸ்கேன் திட்டத்துக்கு இந்தச் சூடுதான் முதல் கேள்வி. ஷேக்-பஹாயியும் சகாக்களும் 1989, 1990-இல் வெளியிட்ட அழகான முறை அது. மாதிரியைக் குவியத்தின் குறுக்கே நகர்த்தி, தொலைவில் ஒரு சிறு துளை வழியே வரும் ஒளியை அளந்தால், செறிவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண் எப்படி மாறுகிறது என்று கிடைக்கும். ஆனால் தொடர் ஒளி தரும் லேசரைச் சாயம் கலந்த பிவிஏ மீது வைத்தால், சாயம் ஒளியை உறிஞ்சிப் படலத்தைச் சூடாக்கும். சூடான நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண் குறைந்து, படலமே ஒரு குழிவில்லையாகும். வரைபடத்தில் முதலில் மேடு, பிறகு பள்ளம். கணக்குப் போட்டால் 10⁻⁸ சதுர செ.மீ./வாட் என்று பிரமாதமான எண் வரும். நல்ல திரவமான கார்பன் டைசல்ஃபைடுக்கே, பிக்கோ விநாடித் துடிப்பில், 3×10⁻¹⁴ தான். லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். உங்கள் எண் தவறு என்று நான் சொல்லவில்லை, அது எலக்ட்ரான்களுடைய எண் அல்ல என்கிறேன். படலத்தின் தடிமன், கண்ணாடித் தட்டில் இருக்கிறதா தனியாக நிற்கிறதா, குவியம் எவ்வளவு அகலம் என்பதோடு அது மாறிக்கொண்டே இருக்கும். பிவிஏவுக்குக் கூடுதலாக ஈரமும் உண்டு. மழை நாளில் வார்த்த படலமும் வெயில் நாளில் வார்த்ததும் ஒரே மாதிரி சூடாகாது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. லேசருக்கு முன்னால், ஒளியை விட்டு விட்டுத் தடுக்கும் சுழலும் வெட்டுத்தகடு ஒன்றை வைத்து, துளைக்குப் பின்னால் உள்ள உணரியை அலைகாட்டியில் இணையுங்கள். குவியத்தின் ஆரம் 30 மைக்ரோமீட்டர் என்றால் வெப்பம் பரவ இரண்டு மில்லி விநாடி அளவு ஆகும். ஒளி விழுந்ததும் சமிக்ஞை அந்த வேகத்தில் வளைந்து போய் நிலைபெற்றால் நீங்கள் அளப்பது வெப்ப வில்லையைத்தான். எலக்ட்ரான் மறுமொழியை அலைகாட்டியில் பார்க்கவே முடியாது, அவ்வளவு வேகம். வெப்ப வில்லை என்று தெரிந்தால் அப்படியே எழுதுங்கள். அதை வைத்துப் படலத்தின் வெப்பப் பரவல் எண்ணைக் கணக்கிடலாம், 1965-இல் இருந்தே அதற்கென்று தனி முறை வளர்ந்திருக்கிறது. அதுவே மதிப்புள்ள ப்ராஜெக்ட்.

வேகமான துடிப்பு லேசர்களைப் பற்றி ஒரு பத்தி. ஐந்து வளையக் கரிமச் சேர்மமான பென்டசீனின் படிகத்தில் ஒரு ஒளித்துகள் உண்டாக்கும் கிளர்வு (எலக்ட்ரான் உயர் ஆற்றலுக்கு ஏறிய நிலை) இரண்டு மும்மைக் கிளர்வுகளாக, அதாவது ஆற்றல் குறைந்த இரண்டு கிளர்வுகளாக, உடைவது 100 பெம்டோ விநாடிக்குள் நடந்துவிடுகிறது. இதை ஒரு துடிப்பால் தூண்டி, அடுத்த துடிப்பால் பார்த்து அளந்திருக்கிறார்கள். உடைவது உறுதி. மூலக்கூறின் அதிர்வுகள் அதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன, நடுவில் என்ன நிலை இருக்கிறது என்பதில் அந்தத் துறையினரே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரைசலில் உள்ள பாலிமரின் அளவை லேசர் சிதறலின் மினுமினுப்பில் இருந்து அறியும் முறையும் பலருக்குப் பயன்படுகிறது. அதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிறு துகள்களில் சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், வடிகட்டாத ஒரு தூசி உங்கள் பாலிமர் முழுவதையும் மறைத்துவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே அகச்சிவப்பு நிறமாலையில் 910–930 பகுதியைப் பாருங்கள், கூடு அளவுக்கு ஒரு படிகத்தை அனுப்புங்கள். காமா என்று வந்தால் தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்: எவ்வளவு உப்பு சேர்த்தால் ஆல்பா நின்று காமா தொடங்குகிறது என்று ஐந்தாறு செறிவுகளில் வளர்த்து, ஒவ்வொன்றையும் ராமனிலும் பச்சை ஒளியிலும் அளந்து வரையலாம். காமா கிளைசின் வளர்வது தெரிந்த விஷயம்தான் என்றாலும், உங்கள் கையால் எடுத்த அந்த வரைபடத்தை எந்தத் தேர்வாளரும் கேள்வி கேட்டுக் கவிழ்க்க முடியாது. இசட்-ஸ்கேனுக்கு முன்னால் வெட்டுத்தகட்டுச் சோதனையைச் செய்துவிடுங்கள். அப்புறம், 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்வில்லை அதை விழித்திரையில் அப்படியே குவித்துவிடும். பச்சைக்கு மட்டும் உள்ள கண்ணாடி அதைத் தடுக்காது. 1064, 532 இரண்டும் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கித் தரச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். அது வரும்வரை அந்த லேசரை ஆன் செய்யாதீர்கள்.